வியாழக்கிழமைகளில் வாசித்த எங்கள் அண்ணா

1. அண்ணா மன்னாரில், கடற்கரைப் பங்கு ஒன்றில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகினார்.

2. அப்பா இறந்த பிறகு இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்தார். சில ஆண்டுகளில் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம்.

3. பொலித்தியாமா அரங்குக்கு அருகே ஒரு வயோதிபத் தம்பதியின் வீட்டில், அங்கேயே தங்கி அவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார்.

4. அந்த வீட்டு ஐயா இறந்தார். அவருடைய மனைவி, சிஞ்ஞோரா, தனித்தார். அண்ணா அங்கேயே இருந்தார்.

5. புளூஸ் இசைக் கலைஞரானார்.

6. சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, சிஞ்ஞோராவுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதே சமையலறையில் மாரடைப்பால் காலமானார். மறுநாள் நகரத்தின் கால்சாப் பகுதியில் அவருடைய கச்சேரி இருந்தது.

நான் லிஃப்ட் திருத்தும் வேலை செய்பவள். நடந்ததை வரிசையாக எழுதினால் எந்த இடத்தில் சிக்கியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணாவின் வாழ்க்கை சிக்கிய இடம் நான்காவது வரி. இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களில் பலர், "இவ்வளவு கெட்டிக்காரன், ஏன் வெளியிலை போய்ப் பேர் எடுக்கேல்லை?" என்று செத்த வீட்டில் கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

இந்த நகரத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. எங்கள் பிறந்தநாள்கள், பெண் பார்த்தல், ஊர்ச்சங்கக் கூட்டம் எல்லாம் வியாழன் பின்னேரத்தில்தான் நடக்கின்றன. அண்ணா ஞாயிற்றுக்கிழமையைக் கோயிலுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தார். மிச்சமிருந்த வியாழன்தான் அவருடைய இசைக்கு.

நாங்கள் பலெர்மோவுக்கு வந்த புதிதில் பல்லரோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சால்வோ என்பவர் மவுத் ஓர்கனில் புளூஸ் வாசிப்பதை அண்ணா கேட்டிருக்கிறார். சால்வோ சந்தையில் மீன் விற்பவர். "பெரிய வெள்ளிக்கு ஊரிலை புலம்பிப் பாடுற மாதிரிக் கிடந்துது. ஆனா இவன் சிரிச்சுக்கொண்டு வாசிக்கிறான்" என்று அண்ணா வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்கே ஒரு பழைய கிற்றாருடன் வந்திருந்தார். சிஞ்ஞோராவின் இருமல் மருந்துப் போத்தலின் கழுத்தைப் பக்குவமாக வெட்டி, அரம் போட்டு, விரலில் மாட்டிக்கொண்டு கம்பிகளில் வழுக்கி வாசிக்கப் பழகினார். பகலில் சிஞ்ஞோரா தூங்கும் நேரத்தில் சமையலறைதான் அவருடைய பயிற்சிக் கூடம்.

கால்சாவில் இருவரும் சேர்ந்து வாசித்த மதுக்கடையில் அண்ணாவின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஒரு வியாழன் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சால்வோ, "இந்தா, ஜொவெதீ வந்திட்டான்!" என்று கத்தினார். ஜொவெதீ என்றால் வியாழன். அந்தப் பெயரே நிலைத்தது. சுவரொட்டிகளிலும் அதையே போட்டார்கள்.

அவர் தமிழிலும் சிசிலிய மொழியிலும் பாட்டுக் கட்டினார். முதல் வரியை இரண்டு தரம் பாடி, மூன்றாவதில் அதற்குப் பதில் சொல்வது அந்த இசையின் முறை. எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு இதுதான்:

வியாழன் வருகுது, சப்பாத்துப் போடுறன்,
வியாழன் வருகுது, சப்பாத்துப் போடுறன்,
கதவைத் திறந்தா, வெள்ளி நிக்குது.

தமிழ் தெரியாதவர்களும் மூன்றாவது வரிக்குக் கைதட்டினார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியூர்களில் இருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. இசை விழாக்கள் சனிக்கிழமைகளில் நடப்பவை. அண்ணா எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டு மறுத்தார். பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி அந்த வேலையில் தங்கியிருக்கிறது, வேலை போனால் அதுவும் போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த ஆண்டுகளில் அது உண்மையும்கூட. பிறகு நீண்டகால அனுமதி கிடைத்தது. கேக் வெட்டினோம். சிஞ்ஞோராவின் மகன் மிலானில் இருந்து போன் எடுத்து, "நீ போக விரும்பினால் சொல்லு, நாங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்" என்று மரியாதையாகவே சொன்னார்.

அண்ணா போகவில்லை.

கத்தானியாவில் ஒரு விழாவுக்கு மட்டும் ஒருமுறை சம்மதித்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா சிஞ்ஞோராவுடன் நிற்பதாக ஏற்பாடு. அண்ணா மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தார், கிற்றாரைத் தூக்கினார், போனார். அம்மா சூப் வைத்து முடிப்பதற்குள் திரும்பக் கதவு திறந்தது.

"என்ன தம்பி, எதையும் மறந்திட்டியே?"

"இல்லை அம்மா. நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்."

"பஸ் வரேல்லையோ?"

"வந்தது."

சிஞ்ஞோரா தலையணையில் இருந்து தலையைத் தூக்கி, "நல்லதாப் போச்சு வந்தது. உன்ரை அம்மான்ரை சூப் நெருப்பு மாதிரி எரியுது" என்று இத்தாலிய மொழியில் முறையிட்டார். அம்மா அதை இன்றுவரை மறக்கவில்லை. அண்ணா பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டு, அது புறப்படும் நேரத்தில் இறங்கிவிட்டதாகப் பிறகு சால்வோ சொன்னார். சால்வோ தனியே கத்தானியாவுக்குப் போய், தனியே வாசித்துவிட்டு வந்தார்.

அடுத்த வியாழன் நான் கேட்டேன்.

"அண்ணா, பேப்பர் இருக்கு. அந்த மகனும் போகச் சொல்லிப் போட்டார். இப்ப ஆர் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கிறது?"

"அந்த ஐயா சாகேக்கை கையை நீட்டினவர், பிள்ளை. இவளை விட்டிட்டுப் போகமாட்டாய்தானே எண்டு கேட்டவர். நான் அவரின்ரை கையிலை கையை வச்சு, போகமாட்டன் எண்டு சொன்னனான்."

"அது அவருக்கு ஆறுதலுக்குச் சொன்னது."

"சாகிற மனுசன்ரை கையிலை அடிச்சுச் சொன்னது, பிள்ளை. பஸ்ஸிலை இருக்கேக்கை இந்த உள்ளங்கை சுட்டுக்கொண்டு கிடந்தது."

கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை எங்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை. அப்பா ஒருவருக்கு அப்படிச் சொல்லிவிட்டு, அதற்காகத் தன் வள்ளத்தை விற்றவர்.

அண்ணா வெளியே போக முடியாததால் ஒலிப்பதிவை நாங்கள் உள்ளே கொண்டுபோனோம். அந்தச் சமையலறையில் மைக்குகளைப் பொருத்தியது நான். சுவருக்கு அப்பால் அந்தக் கட்டடத்தின் பழைய லிஃப்ட். யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் மோட்டாரின் உறுமல் பதிவில் விழுந்தது. அதைக் கணினியில் வடித்து எடுத்துவிடலாம் என்றேன்.

"வெட்டாதை. அதுதான் எங்கடை பேஸ் கிற்றார்" என்றார் அண்ணா. மோட்டாரின் சுருதிக்குத் தன் கம்பிகளை இறக்கிக் கட்டினார். பிறகு லிஃப்ட் வரும் வரைக்கும் காத்திருந்து பாடத் தொடங்கினார். சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் இருந்து கரண்டியால் மேசையில் தாளம் போட்டார். அதுவும் பதிவில் இருக்கிறது. தாளம் சில இடங்களில் பிந்துகிறது. அண்ணா அவருக்காக நின்று போகிறார்.

இசைத்தட்டு வெளிவந்தபோது, பார்க்காத ஊர்களில் இருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்கள். அண்ணா அவற்றைச் சிஞ்ஞோராவுக்கு வாசித்துக் காட்டினார்.

அடக்கம் முடிந்த பிறகு அம்மாவும் நானும் அண்ணாவின் பொருள்களை எடுக்க அந்த வீட்டுக்குப் போனோம். சிஞ்ஞோரா அழுதுகொண்டே இருந்தார். "என்ரை மகன் அவனைப் போகச் சொன்னவன். நானும் சொன்னனான். ஏன் போகாமல் இருந்தவன்?" என்று கேட்டார். நான் அந்தச் சத்தியத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"கையோ? எந்தக் கை?"

அவருடைய கணவர் இறக்கும் முன் அண்ணாவின் கையைப் பிடித்ததைச் சொன்னேன்.

"என்ரை மனுசன் ஆருக்குத்தான் கை குடுக்கேல்லை? டொக்டருக்கும் குடுத்தவர். காஸ் கொண்டு வாற ஆளுக்கும் குடுத்தவர். அந்தக் கிழமை வந்த எல்லாரிட்டையும் அதைத்தான் கேட்டவர்."

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்ததுண்டு. ஆனால் அம்மா முழுவதையும் கேட்டார். லிஃப்டில் இறங்கும்போதுதான் சொன்னார்:

"அவருக்கு அது கை குடுத்தது. என்ரை பிள்ளைக்கு அது சத்தியம். மனுசி இன்னும் உயிரோடைதானே இருக்கிறா."

"அம்மா, வேண்டாம்."

"சூப்புக்கு மிளகாய் போடாமல் விட்டாச் சரி."

எங்கள் துயரத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அடக்கத் திருப்பலியை எங்கள் மொழியில் ஒப்புக்கொடுத்த பங்குத் தந்தைக்கும், கோயில் பாடகர் குழுவுக்கும். மீன் கடையைப் பூட்டிவிட்டு வந்து பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிய சால்வோவுக்கும், குறித்த கச்சேரியை நிறுத்தாமல் அண்ணாவின் நாற்காலியை வெறுமையாக வைத்து நடத்திய கால்சா நண்பர்களுக்கும். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், ஊரில் இருந்து ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும். செலவை ஏற்றுக்கொண்டு மிலானில் இருந்து வந்து நின்ற சிஞ்ஞோராவின் மகனுக்கும். யாரையாவது தவறவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை இது. சிஞ்ஞோரா இருக்கிறார். அண்ணாவின் இடத்தில் அம்மா அவருடன் தங்கி வேலை செய்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் மாறவில்லை. அண்ணாவின் கிற்றார் சிஞ்ஞோரா கேட்டுக்கொண்டபடி அந்தச் சமையலறையிலேயே இருக்கிறது. முதலாம் ஆண்டுத் திருப்பலி, அண்ணா இறந்த புதன்கிழமையில் அல்லாமல், வியாழன் பின்னேரம் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் சாப்பாடு உண்டு. முதலில் அம்மாவுக்குப் பரிமாறுவோம். அவர் திரும்பிப் போகவேண்டும்.