பக்கத்து வீட்டுப் பலாமரம்

சேலையூரில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் எனக்குத் தச்சுவேலைப் பித்துப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உளியும் இழைப்புளியுமாக மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு எழுதுமேசை செய்ய ஆசை. நல்ல மரம்தான் அகப்படவில்லை. தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் என்று மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கினேன். தேக்கு என்று காட்டியதில் பாதி வெளுப்பு, மீதியில் முடிச்சு.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பலாமரம் கண்ணில் பட்டது. எத்தனையோ முறை பார்த்த மரம்தான். அன்றுதான் அதன் அடிமரம் எவ்வளவு நேராக இருக்கிறது என்று பார்த்தேன்.

அந்த வீட்டில் ஒரு நர்ஸம்மா தனியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். நைட் டியூட்டி முடிந்து வந்து, மர நிழல் விழும் அறையில் மத்தியானம் வரை தூங்குவார்.

"சிஸ்டர், வேர் உங்க செவுத்துக்கு அடியில போயிருக்கும். பின்னாடி விரிசல் விட்டா கஷ்டம்" என்றேன்.

சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அது எனக்குத் தெரியும்.

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மரத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா சார். வெட்டிடலாம். கட்டைய நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

அடுத்த வாரமே மரம் சாய்ந்தது. அறுவை மில்லில் பலகைகள் மஞ்சள் மஞ்சேளென்று வந்து விழுந்தன. அறுத்தவர் சொன்னார்: "பச்ச மரம் கீது சார். நெழல்ல அடுக்கி ஒரு வருசம் தொடாத. வெயில் பட்டா வெடிச்சிகினு பூடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் பரப்பினேன். சித்திரை வெயிலில் பத்தே நாளில் ஒவ்வொரு பலகையும் நுனியிலிருந்து பிளந்து, முறுக்கிக்கொண்டது. ஒரு சாண் பலகைகூடத் தேறவில்லை. கடைசியில் இஸ்திரி வண்டிக்காரர் அடுப்புக்கு என்று அள்ளிப்போனார்.

அந்தக் கோடையில் ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, சிஸ்டர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கலையா சிஸ்டர்?"

"ரூம் கொதிக்குது சார். படுக்கவே முடியல" என்றவர், நான் வருத்தப்படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "பரவாயில்ல, செவுரு தப்பிச்சுதே. நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு டேபிள் ஃபேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

மறு வருடம் அவர் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போனார். சாமான் ஏற்றிய அன்று, ஃபேனைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல மனுஷங்க பக்கத்துல இருந்தேன் சார்" என்றார். நான் வேன் கதவைச் சாத்திக் கொடுத்தேன்.