செங்கம்மாவின் சோளக்கட்டை மூட்டை

அலிபிரியில் மலைப்படி தொடங்குவதற்குச் சற்று முன்னால் செங்கம்மாவின் தள்ளுவண்டி நிற்கும். சுட்ட சோளம்தான் வியாபாரம். அந்த வாசனைக்கு ஐந்நூறு படி ஏறியவர்கூடத் திரும்பி இறங்கி வந்திருக்கிறார். நம்பாதவர்கள் போய் மோந்து பார்க்கலாம்.

குடிபாலாவில் பிறந்தவள். கணவன் போனபின் பதினோரு வருடமாக இந்த வண்டிதான் அவளுக்குச் சோறு. ஒரு கதிரில் அவள் வீணாக்குவது எதுவுமில்லை. உரித்த தோலையே தட்டாக மடித்துச் சோளத்தை நீட்டுவாள். உள்ளிருக்கும் சோளமுடியை உலர்த்தி, கஷாயம் வைத்து ஆட்டோக்கார வேணுவுக்குக் கொடுப்பாள். பூசணிக்காய் அளவு இருந்த சிறுநீரகக் கல் கரைந்துவிட்டது என்கிறான் வேணு. கல்லை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. முத்து தின்றுவிட்டு ஜனங்கள் வீசிய கட்டைகளைத் தினமும் காலையில் பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டுவாள்.

அந்த மூட்டைதான் வினையானது. புதிதாக வந்த சுகாதார மேற்பார்வையாளர் ஜெயபிரகாஷ் அதைத் தடியால் குத்தினார்.

"வழியெல்லாம் சோளக்கட்ட. இங்க மூட்டையே கெடக்குது. சாயங்காலத்துக்குள்ள வண்டிய எடுத்துடும்மா."

"நான் போட்டதில்ல சார், பொறுக்கினது."

"கத உடாத. குப்பைய யாராவது சேத்து வெப்பாங்களா?"

"ஆமாம் சார்," என்றான் பக்கத்தில் ஆட்டோவில் சவாரிக்குக் காத்திருந்த வேணு, "நகை வாங்க வக்கில்ல, இத்த சேக்குது."

செங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடம் போனால் வேறு இடமில்லை. நேற்றைய மழையில் கரி நனைந்திருந்தது. மூட்டையை அவிழ்த்து, ஆறு கட்டைகளை அடுப்பில் அடுக்கிப் பற்றவைத்தாள். சடசடவென்று பிடித்துக்கொண்டது. சோளம் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து, தோலில் வைத்து நீட்டினாள்.

"துன்னு பாருங்க சார். அடுப்புல எரியிறதுதான் நீங்க சொன்ன குப்ப."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயாலேயே கடித்துவிட்டார். ஒரு முத்து மிஞ்சவில்லை. பழக்க தோஷம், கை தானாகக் கட்டையைச் சாலையோரம் வீசியது.

செங்கம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அதைப் பொறுக்கினாள்.

"இப்டித்தான் சார் சேருது."

வேணு ஆட்டோவுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். ஜெயபிரகாஷ் வாயைத் துடைத்தார்; காது சிவந்திருந்தது. சுற்றிலும் பார்த்து, செருப்படியில் கிடந்த இன்னொரு கட்டையைக் குனிந்து எடுத்து மூட்டையில் போட்டார்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றார். "இன்னொண்ணு சுடு."