ஐந்தாவது வரி

என் அம்மா கினுயே, ஒசாகாவில் ஒரு சிறிய நிறுவனத்தில், காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களுக்குப் படம் வரைந்தவள். எண்பதுகளின் தொடக்கம். கட்டத்தாளில் சதுரம் சதுரமாக வண்ணம் தீட்டுவாள். உடன் வேலை செய்த ஒரிதா சான் அதை எண்களாக்கி இயந்திரத்தில் ஏற்றுவார். ஆட்டத்தில் யார் பெயரும் வரக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைத் தூக்கிவிடும்.

கல்யாணத்தோடு அந்த வேலை போனது. பிறகு கடைசிவரை சாப்பாட்டுப் பொட்டலக் கடைதான். போகிற வழியில், அவள் படம் வரைந்த ஆட்டம் இருந்த கேம் சென்டர் திறக்கும் நேரத்துக்குச் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பாள். பின்சீட்டில் நான். அவள் ஆடிப் பார்த்ததில்லை.

சென்ற வசந்தத்தில் அந்த ஆட்டம் கைபேசிக்கு வந்தது. ஏற்றித் தரச் சொன்னாள். நேராக, அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலைத் திறந்தாள். எந்தெந்த நாட்டுக்காரர்களின் பெயர்களோ. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

"படமெல்லாம் பளிச்சுனு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். கண் வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

தகனம் முடிந்தபின் நடந்த சாப்பாட்டில் ஒரிதா சானுக்கு பீர் ஊற்றினேன். அவர்தான் சொன்னார்: இயந்திரத்தை அணைத்தால் புள்ளிப் பட்டியல் அழிந்துவிடும். மறுநாள் போடும்போது அது காலியாகத் தெரியாமலிருக்க, மூன்றெழுத்துப் பெயர்கள் ஐந்தை அவரே நிரலில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒன்று அம்மாவுடையது.

"மொத எடம் தரேன்னேன். மொதலாளி கண்ணுல படும், கடைசியே போதும்னுட்டா. கடைசிதானே மொதல்ல போகும்? எவனோ ஒரு பொடியன் நூறு யென் போட்டா அவ காலி."

"அதனாலதான் கேம் சென்டர் தெறந்ததுமே..." என்றேன்.

"பின்னே, ஆடவா வந்தா? அவ ஆடினா ஒரு நிமிஷம் தாங்க மாட்டா."

கைபேசியில் அந்த ஐந்து பெயர்களும் இல்லை.

ஒரிதா சானிடம் அந்த ஆட்டத்தின் பழைய மின்பலகை ஒன்று இருந்தது. சாதனங்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். மின்சாரம், திரை, கைப்பிடி எல்லாம் இணைத்தேன். திரை ஒளிர்ந்தது. ஐந்தாவது வரியில் அம்மா.

பார்க்க வந்த ஒரிதா சான் ஓர் ஆட்டம் ஆடச் சொன்னார். ஆட்டம் தரும் மூன்று விமானங்களையும் வேண்டுமென்றே இழந்தேன்.

"உங்கம்மாவே தேவலாம்" என்றார்.

பட்டியல் மறுபடி வந்தது. அவள் இடத்திலேயே இருந்தாள்.

இணைக்க ஒரு மதியம்தான் ஆனது. வசந்தத்தில், என்ன தேடுகிறாய் என்று கேட்டிருந்தால் போதும்.