பச்சையில் நின்ற ஜெபம்

எந்நேரமும் ஜெபத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நிக்டியிலிருந்து கட்கி ஃபேக்டரிக்கு ஸ்கூட்டரில் ஓடுகிறவனுக்கு ஏது நேரம்? அதற்கும் அவரே வழி சொன்னார்: தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஜெபத்தை முடிச்சுப் போடுங்கள், பழக்கம் தானாக வந்துவிடும். நான் சிவப்பு சிக்னலைத் தேர்ந்தெடுத்தேன்.

புனேயில் சிவப்புக்கு நிற்பதே பெரிய விசுவாசம். முதல் வாரம் பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர்கள் என் குலம் கோத்திரம் வரை விசாரித்தார்கள். நான் அசரவில்லை. பிம்ப்ரி சிக்னல் எங்கள் மூத்த பையனின் வேலைக்கு, காசர்வாடி என் சர்க்கரைக்கு, போபோடி எங்கள் ஃபோர்மேனுக்கு நல்ல புத்தி வர. போபோடியில் விளக்கு மாற வெகுநேரம் ஆகும்; அந்த மனிதருக்கு அவ்வளவு தேவைப்பட்டது. போகப்போகப் பச்சையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. தூரத்தில் பச்சை தெரிந்தால் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தேன். "செவப்பு விழணும்னு ஒரு ஜெபம், விழுந்தப்புறம் ஒரு ஜெபம்," என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

அப்படியிருக்கையில் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க "ஒண்ணும் இருக்காது" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். குழம்பில் உப்புகூட சரியாக இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ரிப்போர்ட் வாங்கப் போன காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் வரும் எல்லா சிக்னலையும் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். சிஞ்ச்வட் பச்சை. பிம்ப்ரி பச்சை. காசர்வாடியில் ஊர்ந்து பார்த்தேன், அது எனக்காகவே காத்திருந்து பச்சையானது. டாபோடியில் கரண்ட் இல்லை, விளக்கே எரியவில்லை. போபோடியும் பச்சை. அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஆண்டவரிடம் ஒரு வார்த்தைகூட கேட்காமல் அங்கே போய் நிற்பதா? பச்சையிலேயே பிரேக் போட்டேன்.

பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"பச்சை விழுந்தாச்சுல்லா, ஏன் நிக்கிய?" என்றாள் அவள்.

டிராஃபிக் போலீஸ்காரர் என்ன ஆச்சு, கிளம்புங்கள் என்று மராத்தியில் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "காகா, காய் ஜாலா? சலா, சலா!"

எனக்கு மராத்தியில் சுற்றி வளைக்கத் தெரியாது. "பீவி கா ரிப்போர்ட் ஹை, சாப். பிரார்த்தனா கர்னா ஹை," என்று இந்தியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: மனைவியின் ரிப்போர்ட், ஜெபம் பண்ண வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் நின்ற பஸ்ஸுக்கு நேராகக் கையைத் தூக்கினார். சீக்கிரம் ஆகட்டும் என்று எனக்குச் சைகை காட்டினார்.

கண்ணை மூடினேன். மொத்த ரோடும் எனக்காகக் காத்திருக்க, பழகிய வாய் பழகியதையே சொன்னது.

"ஆண்டவரே, எங்க ஃபோர்மேனுக்கு நல்ல புத்தியத் தாரும்."

முதுகுக்குப் பின்னால் அவள் குலுங்கினாள். சிரிக்கத்தான் செய்தாள். பாதியில் அது வேறாகி, நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

அதற்கு ஆமென் சொல்லி வண்டியை எடுத்தேன்.