எல்லயில் கிடைத்த இங்கிலீஷ் டீச்சர்

கொரோனாவெல்லாம் அடங்கி, எல்ல என்ற எங்கள் பக்கத்து மலையூரில் வெள்ளைக்காரர்கள் மறுபடியும் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கிய சமயம் அது. நான் ஏ.எல். பரீட்சை எழுதி முடித்து, பண்டாரவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், வீட்டோடு இருந்தேன். ரிசல்ட்ஸ் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் எனக்கு ஆசை, ஆங்கில ஆசிரியர் ஆவதற்கான பட்டப்படிப்பில். அதற்கு ரிசல்ட்ஸ் மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை வைக்கும். பாதி எழுத்து, பாதி நேரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுவது. அதில் கோட்டை விட்டால் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போவது என்று வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு வருடம் என்னைச் சும்மா உட்கார வைக்க எங்கள் வீட்டில் வழியில்லை.

எழுத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்திருந்தேன். பேச்சுதான் வராது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆங்கிலம் படித்தவள், ஒரு மனிதரிடம் ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியது கிடையாது என்றால் நம்புவீர்களா? சரி, தனியாகப் பேசிப் பழகலாம் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியில் நின்று பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா நேரே அம்மாவிடம் போய், "புள்ளைக்கு ஏதோ காத்து கருப்பு அடிச்சிருக்கு, பூசாரிகிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் திருநீறு போட்டுவிட்டார். அதோடு அந்த முயற்சி முடிந்தது.

எல்லயில் ஆட்டோ ஓட்டும் என் தாய்மாமா இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார்.

"ஏன் புள்ள செவுத்தோட பேசுற? எல்லயில திரும்புன பக்கமெல்லாம் இங்கிலீஷ்காரங்கதான். நான் ஏற்பாடு பண்றேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டப் பக்கம், வெள்ளைத் தோல் இருந்தால் அவர் இங்கிலீஷ்காரர். ஜெர்மனி, ரஷ்யா என்பதெல்லாம் தேசப்படத்தில் இருக்கும் நாடுகள். ஆள் நேரில் வந்து நின்றால் இங்கிலீஷ்காரர்தான். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை ஆண்ட காலத்தில் உண்டான நினைப்பு அது. படித்தவள் என்ற பெயர் வாங்கிய நானும் விதிவிலக்கு இல்லை.

மாமா சொன்னபடியே செய்தார். எல்லயில் அவருக்குத் தெரிந்த ஒரு சிங்கள அம்மா வீட்டில் அறைகள் வாடகைக்கு விடுவார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். முப்பது வயது இருக்கும். தினமும் காலையில் என்னோடு பேசச் சம்மதித்துவிட்டார் என்று மாமா வந்து சொன்னபோது, அம்மா "என்னா மனசு பாரு" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். முதல் நாள் அவருக்கென்று ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக் கொடுத்தார். பாவம், அந்தப் பெண் உறைப்பில் கண்ணீர் வழிய வழிய முழுசாகச் சாப்பிட்டார்.

மாமாவின் ஆட்டோவில் போவேன். அந்தச் சிங்கள அம்மா வீட்டு முன்பக்கம் நானும் அந்தப் பெண்ணும் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் என் முகத்தையே பார்ப்பார். புரிந்ததா என்று பார்க்கிறார் என நினைத்து நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். மேலே பேசுவார்.

அவர் பேசியது நான் படித்த புத்தகத்தோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. எனக்கு வந்த சந்தேகம் புத்தகத்தின் மேல்தான். உண்மையான இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் தப்பாகச் சொல்லித் தந்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணி, நான் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் அவர் பேசும் மாதிரிக்கு மாற்றினேன். நாக்கை உருட்டி உருட்டிப் பேசப் பழகினேன். "அப்படியே வெள்ளக்காரி மாதிரியே இருக்கு புள்ள" என்று மாமா மெச்சினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லாத ஒரு மழைக்காலையில் அந்த வெள்ளைக்காரப் பெண் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் ஏன் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை? நான் அவ்வளவு நன்றாகவா பேசுகிறேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். அவருடைய நாடு போலந்து. அயர்லாந்தில் மேற்படிப்புக்குப் போக ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை பாஸாக வேண்டும். இலங்கையில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் பழக வந்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் பெண் ஒருத்தி தினமும் வந்து சொல்லித் தருவாள் என்று மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் நான்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சரியாகத் தெரிந்ததையும் தப்பாக மாற்றி வைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. நான் இன்னும் யுனிவர்சிட்டி வாசலையே மிதிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே ஆட்டோ நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

"மாமா, அவங்களுக்கே இங்கிலீஷ் சரியா தெரியாதாம்."

"யாருக்கு?"

"அந்த வெள்ளைக்கார மிஸ்ஸுக்குத்தான்."

"என்னா புள்ள ஒளர்ற? வெள்ளக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாதா? நாளைக்கி எனக்குத் தமிழ் தெரியாதுன்னு சொல்லுவ போல."

"அவங்க போலந்து மாமா!"

"எந்த ஊரா இருந்தா என்னா, வெள்ளதானே?"

"நீங்க என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சீங்க?"

"யுனிவர்சிட்டிப் புள்ளன்னு சொன்னேன். இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி ஆகப்போறவதானே. அதுல என்னா பொய்?"

இந்த மனுசரிடம் எப்படிக் கோபப்படுவது?

மறுநாள் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மாமா வழக்கம்போல் லயத்துக்குக் கீழே வந்து ஹார்ன் அடித்தார். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினேன். அந்தப் போலந்துப் பெண்ணோ மேசை நிறையத் தன் புத்தகங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "இரண்டு பேரும் டீச்சர் வருவார் என்று காத்திருந்திருக்கிறோம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எழுதுவதை நான் திருத்தினேன். அவர் பரீட்சகர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். அப்போதுதான் அவர் என் குரலையே முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் பழம் வாங்க அவரோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் கடகடவென்று ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றார் இவர். கடைக்காரர் திரும்பச் சொன்னார். "இன்னும் புரியவில்லை" என்றார். கடை நிறைய ஆட்கள். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு கூசியது. வெளியே வந்ததும், வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"எதற்கு வெட்கம்? அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. அவ்வளவுதானே" என்றார்.

எங்கள் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டுவதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கே துரையோ வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோ சொல்வது புரிந்தாலும் "சரிங்க", புரியாவிட்டாலும் "சரிங்க". புரியவில்லை என்று திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடும். புரியாததை நடந்துகொண்டே பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வார்கள். என் அப்பாவும் அப்படித்தான். பெரட்டுக்குப் போகாமலே நானும் அந்தத் தலையாட்டலைக் கற்றிருந்தேன். இலக்கணம் பார்த்தால் எனக்குத்தான் அவரைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் இத்தனை நாளும் வாய் திறந்து பேசியது அவர்தான்.

பரீட்சைக்குக் கொழும்பு வரை அப்பா துணைக்கு வந்தார். எழுத்து நன்றாகவே போயிற்று. நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஊர், பள்ளிக்கூடம் என்று தொடங்கிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பிறகு நடுவில் இருந்த பெரியவர் நீளமாக ஒன்று கேட்டார். சத்தியமாக ஒரு சொல்கூடப் புரியவில்லை. என் தலை தன்பாட்டில் ஆட ஆரம்பித்தது. வாயில் "யெஸ் சேர்" வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "மன்னிக்க வேண்டும், கேள்வி புரியவில்லை. வேறு மாதிரிக் கேட்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முடிந்தது கதை, துணிக்கடைதான் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொறி, நான் கேட்ட விதம் சரியில்லை" என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு நிதானமாக, நீங்கள் ஆசிரியரானால் வகுப்பில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். விளங்காமல் திரும்பக் கேட்கும் பிள்ளையைத் திட்ட மாட்டேன் என்று தொடங்கி நிறையப் பேசினேன். தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பேன்.

எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் போலந்துப் பெண் தன் பரீட்சையில் முதல் தடவை தவறி, அடுத்த தடவை பாஸானார். இரண்டு செய்தியையும் ஒரே உற்சாகத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாமா இன்றுவரை இது தன் ஏற்பாடு என்றுதான் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது, அன்று நேர்முகம் முடிந்து வெளியே வந்த நேரம்தான். அப்பா மரத்தடியில் நின்றிருந்தார். "என்னாச்சும்மா?" என்றார். கேள்வி புரியாமல் போனதையும், நான் திருப்பிக் கேட்டதையும், அந்தப் பெரியவர் சொன்னதையும் சொன்னேன்.

"ஒன்னையப் பாத்தா சொறி சொன்னாரு?"

"ஆமாப்பா."

"அம்புட்டுப் பெரியவரா?"

"ஆமாப்பா, அவருதான்."

பாஸாகுமா, இடம் கிடைக்குமா என்று அப்பா கேட்கவே இல்லை. கோட்டை ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும், "அதை இன்னொருக்கா சொல்லு" என்றார். முதலிலிருந்து சொன்னேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

இப்போது எனக்கு ஆங்கிலம் நன்றாகவே பேச வரும். ஆனாலும் யாரிடமாவது "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போதெல்லாம், அதை அப்பாவுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது.