பிளாஸ்மா அறையில் ஐந்து நிமிடம்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். 2013-இல் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. அனில்குமார் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யத் தயார்.

மண்டைக்காட்டுப் பக்கம் ஓர் இறால் கம்பெனி. இறால் கழுவிய தண்ணீரில் மின்பொறி பாய்ச்சிக் கிருமிகளைக் கொல்லும் பிளாஸ்மா இயந்திரம், இரும்பு அறையும் கதவுமாக அப்படியே லாரியில் வந்திறங்கியிருந்தது. அன்று திறப்பு விழா. முதலாளி முத்துநாயகம் விஞ்ஞானத்தில் அபார நம்பிக்கை உள்ளவர். அதனால்தான் பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்பே பொத்தானை அமுக்கிவிட வேண்டும் என்றார்.

"ஏலே, மிஷினுக்குச் சந்தனம் வைக்காண்டாமா? ஓடு!"

ஆபரேட்டர் அனிலை உள்ளே விரட்டியவர் அவர். விரட்டியதை மறந்தவரும் அவர்தான்.

10.24. அறைக்குள் இயந்திரத்தின் மூடிய எஃகுத் தொட்டிமேல் அனில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். வெளியே சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கினார். கைதட்டல். சிங்காரி மேளம்.

க்ளிக்...

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை திறக்காது. பாதுகாப்பு ஏற்பாடாம்.

ட்ர்ர்ர்ர்... ஊதா வெளிச்சம். இடி விழுந்த இடத்து வாடை. தொண்டை எரிந்தது.

"சாரே! நான் உள்ள கெடக்கேன்!"

மேளம்தான் பதில் சொன்னது.

10.26. கதவின் பிடியை நோக்கிக் கையை நீட்டினான்.

டொக்.

தொட்டிக்குள்ளிருந்து.

கையை இழுத்தான். நின்றது. மறுபடி நீட்டினான்.

டொக்... டொக்... டொக்...

10.28. மூச்சு முட்டியது. வருவது வரட்டும்... பிடிக்கு இன்னும் ஒரு விரற்கடை.

"தொடாத மக்கா."

பெண் குரல். காதோரம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

10.29. விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் கம்பெனி முழுக்கக் கரண்ட் போனது. கதவின் பூட்டு விட்டது. சொற்பொழிவால் ஓர் உயிர் பிழைத்தது மாவட்டத்திலேயே அதுதான் முதல் முறை.

"உள்ள ஒரு பொம்பள..."

"விழாவக் கெடுக்காதடே," என்றார் முத்துநாயகம்.

தொட்டியைத் திறந்தார்கள். தண்ணீர் மட்டுமே.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் சிலுவைதாசன் இயந்திரத்தை ஓடவிட்டு, கதவின் பிடியில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. திறப்பு விழாக் கல்வெட்டு நடுவதற்காக எர்த் கம்பியை வெட்டியிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து சர்வீஸ்காரர் வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்:

"இது வேற கம்பெனியில ஓடுன மிஷினாக்கும். அங்க இசபெல்னு ஒருத்தி இதே மாதிரி உள்ள மாட்டிக்கிட்டா. அந்தப் பிடியில இருந்து அவ கையப் பிரிக்க முக்கா மணிக்கூர் ஆச்சு. பெறவு பெயிண்ட் அடிச்சு வித்தாவ... கதவ மட்டும் மாத்தல."