படத்தில் பனை நிற்கிற இடம்

பழவேற்காட்டுக் கோட்டைக்குக் குதிரை லாயம் கட்டியவன் நான். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும் சேற்றில் கிளிஞ்சல் கொட்டி, இடித்து இறுக்கி, அதன்மேல் கட்டினேன். டச்சுக்காரர்களான உலாந்தாக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கொத்தனார் கைவிரித்த இடம் அது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் கிடக்க, குதிரைகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்று தோண்டியவனும் நான். பள்ளிக்கூடம் போனதில்லை. கரை மணலில் விரலால் எழுதிப் பழகினேன். அலை அழிக்க அழிக்க எழுதியதால் கை வேகம். பசியாவரம் குப்பத்தில் கையால் இறால் தடவிய நைனாவுக்குப் பிறந்து லாயத்துக்குத் தலைவனானவன் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், அவன் காலில் விழுகிறேன்.

லாயத்தில் எத்தனை குதிரை இருந்தாலும் கோட்டைத் துரைக்கு உயிர் ஒன்றின்மேல்தான். அரபுக் கப்பலில் வந்த வெள்ளைக் குதிரை. தினமும் தேங்காய் நாரால் தேய்த்து, பிடரியைப் பின்னி, குளம்புக்கு எண்ணெய் பூசி, வாலில் பட்டு நாடா கட்டுவேன். கொம்பு ஊதினால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகுதான். தூக்கிய காலை எப்போது இறக்குவது என்று அதற்குத் தெரியாது. நான் தொட்டு இறக்க வேண்டும். கோட்டை அதிகாரிகள் பலருக்கும் இதே வியாதி. அவர்களை என் பொறுப்பில் விடவில்லை.

சுல்தானின் தூதர் வருகிறார், துரை வெள்ளைக் குதிரைமேல் ஊர்வலம் வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கடலில் குளிப்பாட்டினால் மினுங்கும் என்று யாரோ துரையிடம் ஓதிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். முகத்துவாரத்துக்கு வடக்கே மணல்திட்டில் காட்டுக் குதிரைகள் மேய்ந்தன. என்றோ உடைந்த கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவற்றின் வம்சம். வாடைக் காற்று அடித்தால் அவற்றின் வாசனை இக்கரைக்கு வரும். என் பேச்சு எடுபடவில்லை. குளியல் நடக்கும்போது அக்கரையில் ஒரு பெட்டை கனைத்தது. வெள்ளை, கயிற்றை அறுத்துக்கொண்டு நாடாவோடு நீந்திப் போய்விட்டது.

துரை நெடுநேரம் கத்தினார். அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி என் பக்கம் திரும்பினார்.

"ஊர்வலத்துக்குள்ள குதிரை வரலேன்னா உன் முதுகுல தோலு இருக்காதாம். லாயமும் உனக்கு இல்லியாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே?"

"மீதியெல்லாம் வசவு. அத்த நான் பேர்க்கல."

முதலில் சிப்பாய்கள் போனார்கள். கயிறு, கூச்சல், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் செய்துவிட்டு, முட்டி தேய்ந்து திரும்பினார்கள். கையில் பட்டு நாடா மட்டும் இருந்தது.

அப்புறம் நான், இறால் போடும் ஓலைக்கூடையான பறியோடு. என் மச்சான் தோணி தள்ளினான்.

"இன்னா மச்சான், ஒரு கயிறுகூட இல்லாம இறால் பறிய மாட்டிக்கினு வர்றே? குதிரைய தடவிப் புடிக்கப் போறியா?"

"ஆமா. வாய மூடிக்கினு தள்ளு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் திட்டோரம் இறால் தடவிய காலத்திலேயே அந்தக் கூட்டத்தைப் பார்த்து வைத்திருந்தேன். பிடரியைச் சிலுப்பித் திரியும் ஆண் குதிரை அங்கே தலைவனல்ல. காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டைதான் தலைவி. குளம்பால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் காண்பவள் அவள். அவள் குடித்த பிறகே மற்றவை குடிக்கும். கோட்டை ஊற்றுக்கு இடம் பார்த்ததும் அவள் தோண்டுகிற இடத்தைப் பார்த்துப் படித்ததுதான். பார்க்கத் தெரிவதும் கெட்டிக்காரத்தனமே.

வெள்ளையைத் துரத்துவது வீண். இறாலைத் துரத்தினால் துள்ளும், நிழல் விழாமல் மெல்ல நகர்ந்தால் கைக்கு வரும். பறியில் ஊறவைத்த கொள்ளு நிரப்பி முதுகில் தொங்கவிட்டு, கிழவிக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தேன். முதல் நாள் அவள் ஓடினாள். இரண்டாம் நாள் நின்றாள். மூன்றாம் நாள் என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது, பறிக்குள் தலை போயிற்று. எழுந்து நடந்தேன். அவள் பறியைத் தொடர்ந்தாள், வெள்ளை அவளைத் தொடர்ந்தது. அப்படியே நீந்தி இக்கரை வந்தோம். மச்சான் வாயை மூடிக்கொண்டான், சொல்லாமலே.

ஊர்வலத்தன்று இன்னொரு சங்கடம். கிழவி முன்னால் நடந்தால்தான் வெள்ளை நடந்தது. துரை ஏறி உட்கார்ந்தாயிற்று, கொம்பும் ஊதியாயிற்று, நான் தொட்டும் இறக்காமல் குதிரை காலைத் தூக்கியபடி நிற்கிறது. வேறு வழியில்லாமல் பறியோடு நான் முன்னே, சேறு காய்ந்த கிழவி அடுத்து, கடைசியில் துரை என்று புறப்பட்டோம்.

தூதர் துபாசியிடம் கேட்டார், "முன்னாடி வர்றது என்ன ஜாதிக் குதிரை?"

துபாசி கண் இமைக்கவில்லை. "ஹுசூர், உலாந்தா ராசா வூட்டு ஜாதி. குளிப்பாட்டக் கூடாது, தெய்வக் குத்தம்."

தூதர் கிழவிக்கு சலாம் வைத்தார். அதைப் பார்த்துக் கோட்டை அதிகாரிகள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கிழவிக்குக் குனிந்தார்கள். கிழவி பறிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

என் தோலும் லாயமும் தப்பின. அந்த ஊர்வலத்தை ஓவியர் ஒருவர் படமாக எழுதி, கோட்டைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். துரை நிமிர்ந்திருக்கிறார், வெள்ளை காலைத் தூக்கியிருக்கிறது. கிழவியும் நானும் நடந்த இடத்தில் ஒரு பனைமரம். அந்தத் தெருவில் எந்தக் காலத்திலும் பனைமரம் இருந்ததில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படம் எழுதுகிறவர்களே, வேறு படம் எழுதச் சொல்லவில்லை. பனையை அழித்துவிட்டு, பறியோடு என்னையும் பின்னால் காது கிழிந்த கிழவியையும் எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் துரையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளுங்கள்.